சத்தமே இல்லாத பெட்டி

ஜனவரி 8

வாண்டுக்கு,

இரண்டு வருடம் வாய் திறக்காத அண்ணன், கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நீ உதட்டைப் பிதுக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், பழைய கதை மறுபடி கிளம்பும். எழுதினால் நிதானமாக இருக்கலாம். போன மாதம் என் பிறந்தநாளுக்கு நீ கூப்பிட்டிருந்தாய். பார்த்தேன். எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை, தப்பாக நினைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு புது கம்ப்யூட்டர் வேண்டும். மேசையில் வைக்கிற பெட்டிதான். மடியில் வைத்துக்கொள்வதெல்லாம் எனக்குச் சரிப்படாது. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்கிறார்கள் இல்லையா, அந்தப் பதிவுகளைச் சுத்தம் செய்வதுதான் இன்னமும் என் பிழைப்பு. வாசிப்பவரின் இருமல், நாற்காலியின் முனகல், எச்சில் விழுங்குகிற சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏப்ரல் கடைசிக்குள் அறுபது பாடம். தவறினால் அடுத்த வருட வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்துப் பழைய பெட்டி இரைகிறது. ஓயாத இரைச்சல். ஹெட்போன் போட்டாலும் உள்ளே வந்துவிடுகிறது. எது பதிவில் இருக்கிற சத்தம், எது பெட்டியின் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு வேகம் வேண்டாம், அழகு வேண்டாம். சத்தமே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கே கடைக்காரர்களைக் கேட்டால், "எல்லாப் பெட்டியும் கொஞ்சம் இரையத்தான் சார் செய்யும்" என்கிறார்கள். கம்ப்யூட்டர் பூட்டுவதே தொழிலாக இருக்கிற உன்னை விட்டால் வேறு யாரைக் கேட்பது? அன்றைக்கு உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் நான் சொன்னது சும்மா தமாஷுக்கு. அதை நீ இவ்வளவு நாள் மனதில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை.

உன் அண்ணன்


ஜனவரி 14

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. "இவ வேலையா? ஸ்குரூவைக் கழட்டி மாட்டற வேலை. எனக்கு இருக்கிற காதுல கால்வாசி இருந்திருந்தா இவளும் உருப்பட்டிருப்பா" என்று என் மாமனார், மாமியார், நாத்தனார், நாத்தனார் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னதைத்தான் தாங்கள் தமாஷ் என்று குறிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆகவே தமாஷ்தான்.

எங்கள் கடையில் எது புதுசு, எது வேகம் என்று எடுத்த எடுப்பில் பேச மாட்டோம். வருகிறவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் என்ன செய்கிறீர்கள் என்று மணிவாரியாக எழுதி வாங்குவேன். இது என் ஏற்பாடு. முதலாளிக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை, இப்போது அவரே தாளை நீட்டுகிறார். போன மாதம் ஒருவர், படம் வெட்டி ஒட்ட வேண்டும், இருப்பதிலேயே பெரிய பெட்டியாகக் கொடு என்று வந்து நின்றார். நாள் குறிப்பில் பார்த்தால் காலை முதல் மாலை வரை சீட்டாட்டம். அதையாவது ஒளிக்காமல் எழுதினாரே என்று சின்னப் பெட்டியாகக் கொடுத்து அனுப்பினேன். பொய் எழுதினால் பொய்க்குத்தான் பெட்டி கிடைக்கும்.

தாள் இத்துடன் இருக்கிறது. மேசையின் உயரம், காதுக்கும் பெட்டிக்கும் உள்ள தூரம், ஜன்னல் எந்தப் பக்கம், எல்லாம் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை


ஜனவரி 20

வாண்டு,

'தாங்கள்' என்று எழுதியதற்குப் பதில் நாலு அடி போட்டிருக்கலாம். சரி, வாங்கிக்கொள்கிறேன்.

தாளில் இடம் போதவில்லை, இங்கேயே எழுதுகிறேன். காலை எட்டு மணிக்கு உட்காருவேன். எட்டு முதல் பதினொன்று வரை முதல் கேட்பு: ஒரு பாடத்தை நிறுத்தாமல் கேட்டு, எங்கெங்கே குறை என்று குறித்துக்கொள்வேன். ஹெட்போன் ஒலி பத்தில் மூன்று. அதற்கு மேல் வைத்தால் காது கெட்டுவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பது. மதியம் வரை வெட்டு வேலை. இப்போதெல்லாம் எல்லோரும் ஒலியைத் திரையில் கோடாகப் போட்டுப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. திரையில் அந்தக் கோடு வருகிற ஜன்னலை மூடியே வைத்திருப்பேன். காது இருக்கும்போது கண் எதற்கு? சாப்பிட்ட பிறகு இரண்டு முதல் ஐந்து வரை கடைசிக் கேட்பு.

மேசை இரண்டரை அடி உயரம். பெட்டி வலது காலுக்குப் பக்கத்தில் தரையில். ஜன்னல் இடது பக்கம், தெரு அமைதியான தெரு. அவ்வளவு அமைதி என்றால், போன வாரம் பார்சல்காரர் மூன்று முறை வாசல் மணி அடித்தேன் என்று சாதிக்கிறார். நான் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாய் கூசாமல் பொய் சொல்கிறார்கள். 'பாம்புச்செவி' என்று நம் வீட்டில் என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியுமா!

இன்னொரு தலைவலி. இந்த வருடம் பாடங்களை வாசிக்க ஒரு அம்மாவைப் போட்டிருக்கிறார்கள், தன் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புகிறார். அருமையான குரல், ஆனால் பின்னால் ஒரு இரைச்சல். நான்கு பாடங்களைத் திருப்பி அனுப்பினேன். துணி அலமாரிக்குள் உட்கார்ந்து மறுபடி வாசித்திருக்கிறார். அப்போதும் இரைச்சல். நீ பெட்டியைச் சீக்கிரம் அனுப்பினால் குறை அவரிடம் எவ்வளவு, என் பெட்டியிடம் எவ்வளவு என்று பிரித்துவிடுவேன்.

அண்ணன்


ஜனவரி 29

அண்ணா,

பெட்டி நாளை கிளம்புகிறது. உள்ளே சுழல்கிற டிஸ்க் கிடையாது. அதன் முனகல்தான் பாதிச் சத்தம். விசிறி ஒன்றே ஒன்று, சாப்பாட்டுத் தட்டு அகலம். சின்ன விசிறி வேகமாகச் சுற்றிக் கத்தும், பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும். அடியில் நாலு ரப்பர் கால் ஒட்டியிருக்கிறேன், தரை அதிராது. கடையில் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஓடவிட்டு, காதை ஒட்டவைத்துக் கேட்டேன். பில் போடும் அக்கா, "ஓடுதா இல்லையான்னே தெரியலையே" என்றார்.

பார்சல்காரர் மணி அடிப்பார். பாம்புச்செவி கொஞ்சம் வாசல் பக்கம் இருக்கட்டும்.

வாண்டு


பிப்ரவரி 5

வாண்டுக்கு,

பெட்டி வந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரைகிறது.

வெளிப்படையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பழைய பெட்டிக்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பில் போடும் அக்காவுக்குக் கேட்கவில்லை என்றால் அது பில் போடுகிற காது. தொழிலே காதாக இருக்கிறவனுக்கு அது போதாது. நீ விசிறியை எங்கோ சாய்வாக மாட்டியிருக்கிறாய். அவசரத்தில் செய்த வேலை மாதிரி இருக்கிறது. ஒரு பெட்டியைச் சத்தமில்லாமல் பூட்டுவது அவ்வளவு பெரிய வித்தையா?

திருப்பி அனுப்பியிருக்கிறேன். சரிசெய்து அனுப்பு. நாள் ஓடுகிறது.

அண்ணன்


பிப்ரவரி 12

அண்ணா,

சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். இந்த முறை நீ கேட்கிற மாதிரி இருக்கும்.

வாண்டு


பிப்ரவரி 18

வாண்டுக்கு,

பார்த்தாயா? முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். இரைச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. முன்பு இருந்த ஒரு மாதிரியான அடித்தொண்டைக் கரகரப்பு சுத்தமாக இல்லை. நீ என்னத்தை மாற்றினாயோ தெரியாது, விசிறியின் அச்சாகத்தான் இருக்க வேண்டும் என்று என் காது சொல்கிறது. இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. அதையும் எடுக்க முடியுமா பார்.

வாசிக்கும் அம்மா விஷயம் முற்றிவிட்டது. பதினோரு பாடம் திருப்பி அனுப்பியாகிவிட்டது. பதிவு செய்யும்போது ஃபிரிட்ஜை நிறுத்திவிடுகிறாராம். அதில் இரண்டு நாள் பால் கெட்டுப்போனதாம். அப்போதும் அந்த இரைச்சல் போகவில்லை. மாதக் கடைசியில் அலுவலகம் என்னிடம் அபிப்பிராயம் கேட்கும். என்ன எழுதுவது என்று யோசிக்கிறேன். நல்ல குரலை இழக்க மனமில்லை, ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே.

அண்ணன்


பிப்ரவரி 25

அண்ணா,

வேலை ஜாஸ்தி, அதனால் சுருக்கமாக. புதிதாக வேறொரு பெட்டியே பூட்டுகிறேன். அடுத்த வாரம் வரும். இதற்கு மேல் என்னால் முடியாது. இதிலும் சத்தம் கேட்டால் நீ வேறு கடை பார்த்துக்கொள்.

வாண்டு


மார்ச் 7

வாண்டு,

புதுப் பெட்டி வந்து நாலு நாள் ஆகிறது. எடையில் இரண்டு மடங்கு இருக்கிறது, மேலெல்லாம் வரி வரியாக அலுமினியம். உழைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. அதனால் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன்.

இதிலும் இரைச்சல் இருக்கிறது. முந்தையதைவிடக் குறைவு என்று சொல்ல ஆசைதான், ஆனால் இல்லை. இடது பக்கத்திலிருந்து வருகிறது. விசிறி இடது பக்கம் இருக்கிறதா? அதன் பேரிங் தேய்ந்திருக்கலாம். மெல்லிய, உயரமான சத்தம், நிற்காமல்.

வாசிக்கும் அம்மாவை அலுவலகம் நிறுத்திவிட்டது. "ஒலித்தரம் சரிப்படவில்லை" என்று நான் எழுதிக் கொடுத்ததன் பேரில்தான். மொத்தம் பதினேழு பாடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு வேறு வருமானம் இல்லை போலிருக்கிறது, யாரோ சொன்னார்கள். புதிதாக ஒருவரைப் போட்டார்கள். ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து வாசிக்கிறார்.

அவருடைய பதிவிலும் அதே இரைச்சல். இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை. ஒன்று இந்தப் பெட்டி காரணமாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிதான் காரணம் என்று சொல் வாண்டு.

அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

அந்தப் பெட்டிக்குள் விசிறியே இல்லை.

இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. சுற்றுகிற சாமான் ஒன்றுகூட இல்லை. அந்த அலுமினிய வரிதான் சூட்டை வாங்கி வெளியே விடுகிறது. இப்படி ஒரு பெட்டியை நான் இதற்கு முன் பூட்டியதில்லை. உன்னிடம் சொல்லாமல் அனுப்பி, 'என்ன மாயம் பண்ணினாய்' என்று நீயே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை எழுத எனக்கு மூன்று தாள் கிழிந்துவிட்டது. இரண்டாவது முறை நான் ஒன்றையுமே மாற்றவில்லை. நீ திருப்பி அனுப்பிய பெட்டியைத் துணியால் துடைத்து, வேறு அட்டைப்பெட்டியில் போட்டு, அப்படியே அனுப்பினேன். கோபம். என் வேலையை மறுபடியும் கேவலப்படுத்துகிறாய் என்று ஆத்திரம். 'இரைச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது' என்று நீ எழுதினாய். அந்தக் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பில் போடும் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதைச் சுவரில், என் மேசைக்கு நேர் மேலே, பின் குத்தி மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் படித்தார்கள். 'அடித்தொண்டைக் கரகரப்பு' என்பது எங்கள் கடையில் ஒரு வாரத்துக்குப் பேச்சானது.

மாமியார் வீட்டுக் கூடத்தில் நீ என்னைச் செய்ததை, நான் உனக்கு முன்பின் தெரியாதவர்கள் நடுவில் செய்தேன். அதே கடிதத்தில் அந்த அம்மாவின் பால் கெட்டுப்போன விஷயமும் இருந்தது. அந்தப் பத்தியை வாசிக்காமல் தாண்டினேன், தமாஷ் கெட்டுவிடும் என்று. அன்றைக்கே உனக்கு உண்மையை எழுதியிருந்தால் மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்திருக்கும். அவருக்கு வேலை போயிருக்காது. இந்த வாரம்தான் கடிதத்தைக் கழற்றினேன். சுவரில் பின் குத்திய ஓட்டை இருக்கிறது. தலை நிமிரும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது.

அண்ணா, போனை ஏன் எடுப்பதில்லை? பார்சல்காரர் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இரண்டு காரியம் செய். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார். பிறகு பெட்டியைப் போட்டு, மைக்கைப் பக்கத்தில் வைத்து அறையைப் பதிவு செய்து, மூடி வைத்திருக்கிறாயே அந்தக் கோட்டு ஜன்னல், அதைத் திறந்து கண்ணால் பார். என்ன தெரிந்தாலும் எனக்கு எழுது. நான் யாருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன்.

வாண்டு


மார்ச் 16

வாண்டு,

நீ சொன்னபடி செய்தேன். பிளக்கைப் பிடுங்கியதும் சத்தம் நின்றுவிட்டது. ஆகவே பெட்டியில்தான் ஏதோ கோளாறு. விசிறி இல்லாவிட்டால் வேறு ஏதாவது இருக்கும்.

அண்ணன்


மார்ச் 28

வாண்டு,

போன கடிதத்தில் எழுதியது பொய். தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்த இரைச்சல் கூடவே வந்தது. தெருவில் ஏது பெட்டி?

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். நிற்கவில்லை. அறைக்கு வெளியே போனேன், நிற்கவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். உன் அண்ணி வெளியிலிருந்து என்னமோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் கதவைத் தட்டித் திறந்து, "எத்தனை தடவை கூப்பிடறது? டி.வி.யை அலற விடறீங்க, கூப்பிட்டா மட்டும் காதுல விழாதா?" என்றாள். ஒரு வருடமாக இதையே சொல்கிறாள். எரிந்து விழுவேன். அன்றைக்கு நேராக அறைக்குத் திரும்பினேன்.

பிறகு பெட்டியைப் போட்டுப் பதிவு செய்து, அந்த ஜன்னலைத் திறந்தேன். கோடு படுத்துக் கிடந்தது. ஒரு அசைவு இல்லை. காதில் இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கிறது, கண் எதிரே ஒன்றுமே இல்லை. நான் திருப்பி அனுப்பிய பதினேழு பாடங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அத்தனை சுத்தம். முதல் தடவை அனுப்பியதே சுத்தம். வாசிக்கும்போது நாற்காலியைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மா.

காது டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். மேல் ஸ்தாயிச் சத்தங்கள் காதில் விழாமல் போய் நாளாகிவிட்டதாம். இந்த இரைச்சல் காது தானாக உண்டாக்குவதாம். "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். எழுத்து வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரிடம்கூடப் பொய்.

உன் நாள் குறிப்பிலும் பொய்தான். ஹெட்போன் பத்தில் மூன்று இல்லை, ஒன்பது. போனில் நிதானம் போய்விடும் என்றது பொய். நீ பேசினால் எனக்குக் கொழகொழவென்று கேட்கிறது, எது கேள்வி எது சிரிப்பு என்று தெரியவில்லை. பிறந்தநாளுக்கு நீ கூப்பிட்டபோது போனைக் கையில் பிடித்துக்கொண்டு அது அடித்து நிற்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ எழுதினாயே, பொய்க்குத்தான் பெட்டி கிடைக்கும் என்று. மூன்று தடவை வாங்கிவிட்டேன்.

நீ சிரித்ததைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். என்னைக் குத்துவது அது இல்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தேகம் இருந்தது. புது ஆளின் பதிவிலும் அதே இரைச்சல் என்றதும் எந்த மடையனுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் 'பெட்டிதான் காரணம் என்று சொல்' என்று உன்னிடம் கேட்டேன். ஒரு மனுஷியின் சோறு போனாலும் பரவாயில்லை, என் காது போனது தெரியக் கூடாது. நான் இப்படிப்பட்டவன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்குக் கூடத்தில் சொன்னது தமாஷ் இல்லை. உன் வேலையைத் தாழ்த்திப் பேசினால் என் வேலை உசத்தி என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

படித்தேன். மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தால் என் பங்கும் கூடவே வந்து நிற்கிறது. ஆகவே திட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம்.

முதலில் அலுவலகத்துக்கு எழுது. பதினேழு பாடமும் சுத்தம், தப்பு என் காதில் என்று, இப்படியே, சுற்றி வளைக்காமல். அந்தக் கடிதத்தில் 'ஒலித்தரம்' மாதிரி பெரிய வார்த்தை ஒன்றும் போடாதே. பிறகு அந்த அம்மாவை நேரில் போய்ப் பார். தபாலில் மன்னிப்புக் கேட்பது நம் இருவருக்கும் சரி, அவருக்குச் சரிப்படாது.

அடுத்தது தொழில். உனக்குத் தேவையான பெட்டி நான் அனுப்பியதே இல்லை. உனக்குச் சத்தமில்லாத பெட்டி எதற்கு? நீ பார்த்து வெட்டப் போகிறவன். பெரிய மானிட்டர் இரண்டு வேண்டும். ஒன்றில் முழுப் பாடத்தின் கோடு, இன்னொன்றில் நீ வெட்டுகிற இடம் மட்டும் பெரிசாக. விசிறி ஜம்மென்று சத்தம் போட்டு ஓடட்டும், உனக்கென்ன? (இதற்குச் சிரிக்கலாம். நான் எழுதிவிட்டு அழுதேன், அது வேறு.) கடைசிக் கேட்புக்கு மட்டும் வேறு ஒரு காது வைத்துக்கொள்கிறேன் என்று அலுவலகத்திடம் நீயே கேள்.

விசிறி இல்லாத பெட்டி யாருக்குப் பொருத்தம் என்று யோசித்துப் பார். அலமாரிக்குள் உட்கார்ந்து மைக் முன்னால் வாசிக்கிற ஒருவருக்காகவே பூட்டின மாதிரி இல்லை?

புது நாள் குறிப்புத் தாள் வைத்திருக்கிறேன். இந்த முறை உள்ளதை எழுது.

வாண்டு


ஏப்ரல் 21

வாண்டுக்கு,

அலுவலகத்துக்கு எழுதினேன். நாலே வரி. நாலு நாள் பதில் இல்லை. அந்த நாலு நாளும் உன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பிறகு பதில் வந்தது. மீதிப் பாடங்களை அந்த அம்மாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வெட்டு வேலை மட்டும், கடைசிக் கேட்பு ஸ்டூடியோவில் இன்னொருவர். அடுத்த வருடம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. துணி அலமாரிக்குள் துணியே இல்லை. உள்பக்கம் முழுக்கப் போர்வையை வைத்து ஆணி அடித்திருக்கிறார். துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் மூட்டையாகக் கிடக்கிறது. ஃபிரிட்ஜை நகர்த்தி நகர்த்தி வீட்டுப் பின்பக்கத்துக்கே கொண்டுபோய்விட்டார். சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி இல்லை, நாலேகாலில் நிற்கிறது. இத்தனையும் என் காதுக்காக.

வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே என்னமோ சொன்னார். எனக்கு உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் நான் தலையாட்டிவிடுவேன். ஒரு வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

"மறுபடி சொல்லுங்கம்மா. எனக்குச் சரியாக் காது கேட்காது" என்றேன்.

என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து, கிட்டத்தில் வந்து, பாடம் வாசிக்கிற அந்தக் குரலில் சொன்னார். "அப்போ என் குரல்ல ஒண்ணும் கோளாறு இல்லையே?"

இல்லவே இல்லை என்றேன். அவர் அதோடு விடவில்லை. "பதினேழு பாடம் திரும்பத் திரும்ப வாசிச்சேன். அக்கம்பக்கத்துல பேசறதையே குறைச்சுக்கிட்டேன், என் தொண்டைதான் கெட்டுப்போச்சுன்னு. ஒரு தடவை நேர்ல வந்து கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பேட்டரியை எடுத்து என் கையில் வைத்து, "இதை மாட்டிட்டுப் போங்க, எனக்கு எட்டாது, அன்னைக்கும் ஆளைக் கூப்பிட்டுத்தான் கழட்டினேன்" என்றார். ஸ்டூலில் ஏறி மாட்டினேன். முள் நகர்வதைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

பிறகு பெட்டியை இணைத்துக் கொடுத்தேன். ஸ்குரூவைக் கழற்றி மாட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை, வாண்டு. இரண்டு தடவை கையை நசுக்கிக்கொண்டேன். இது என் தங்கை தன் கையால் பூட்டியது, உள்ளே விசிறியே கிடையாது என்று அவரிடம் சொன்னேன். அலமாரிக்குள் தலையை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

நாள் குறிப்பு இத்துடன் இருக்கிறது. இந்த முறை எல்லாம் உள்ளபடி. 'எத்தனை மணிக்கு என்ன செய்வீர்கள்' என்ற கட்டத்தில், காலை எட்டு மணிக்கு எதிரே, 'கேட்கவில்லை என்று சொல்லிப் பழகுவது' என்று போட்டிருக்கிறேன். அதற்கும் சேர்த்து ஒரு பெட்டி பார்.

நீ பூட்டிய பெட்டி சத்தமே இல்லாமல் ஓடுகிறதாம். அவர் கேட்டுச் சொன்னார். நான் நம்புகிறேன்.

உன் அண்ணன்